மார்கழி பஜனைக்கு ஜால்ராவும் சிப்ளாக்கட்டையும்: கடை முதல் வீதி வரை

இரண்டு மார்கழிக்கு முன்னால் எங்கள் நகரில் வீதி பஜனை தொடங்கினோம். சென்னையின் தெற்குப் புறநகரில் புதிதாக வளர்ந்த பகுதி. கோயில் சின்னது, குடியிருப்பவர்கள் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். பாடத் தெரிந்தவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். நான்கு ஜோடி ஜால்ரா வாங்கினால் மார்கழி முழுவதும் ஓட்டிவிடலாம் என்று நினைத்தோம்.

மூன்றாம் நாள் காலை ஐந்தே காலுக்கு ரோந்து வண்டி வந்து எங்கள் முன்னால் நின்றது. பக்கத்துத் தெருவில் குழந்தை பிறந்து பத்து நாள் ஆன ஒரு வீடு. ஜால்ரா சத்தத்தில் குழந்தை அலறி எழுந்ததும் அவர்கள் 100க்கு அழைத்துவிட்டார்கள். வந்த காவலர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் கேட்டபோது எடுத்துக் காட்ட எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. நான் வாங்கி வந்த நான்கு ஜோடியில் இரண்டு, பஜனைக்கு ஆகாதவை என்பதும் அதே வாரத்தில்தான் தெரிந்தது.

இரண்டாவது வருடம் எல்லாவற்றையும் முறைப்படி செய்தோம். ஒரு புகாரும் வரவில்லை. புதிதாகத் தொடங்க நினைக்கிற குழுவுக்கு நாங்கள் பட்ட பாடு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பாட்டைப் பற்றி இதில் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கையில் பிடிக்கிற கருவி, நேரம், தாள், செலவு, இவ்வளவுதான்.

1. ஐப்பசியிலேயே வாங்கிவிடுங்கள்

மார்கழி பொதுவாக டிசம்பர் 16 அல்லது 17இல் பிறக்கும். அதனால் டிசம்பர் முதல் வாரம் கடைக்குப் போனால் போதும் என்று தோன்றும். அது தவறு. நவம்பர் நடுவில் கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர்கள் மாலை போடுகிறார்கள், வீட்டுக்கு வீடு பஜனை நடக்கிறது. நல்ல ஜால்ராக்கள் அப்போதே விற்றுப்போகும். டிசம்பரில் கடையில் மிஞ்சுவது மெல்லிய தகடும், சத்தம் செத்த ஜோடிகளும்தான். நான் முதல் வருடம் டிசம்பர் 12ஆம் தேதி போனேன். கடைக்காரர் அட்டைப்பெட்டியின் அடியில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தார், வாங்கி வந்தேன்.

அக்டோபர் கடைசி, தீபாவளியை ஒட்டிய நாட்களில் வாங்கிவிடுங்கள். கார்த்திகை முழுவதும் பழகுவதற்கு. டிசம்பர் முதல் வாரம் கடிதங்களுக்கு. இந்த வரிசையில் ஒன்று தள்ளிப்போனாலும் அடுத்தது நெருக்கும்.

2. பெயரில் ஏமாறாதீர்கள்

கடையில் போய் “தாளம் வேணும்” என்று கேட்டால் மூன்று நான்கு விதமான சாமானை எடுத்து வைப்பார்கள். பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

ஜால்ரா என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற இரண்டு வட்டுகள், நடுவில் குழி, குழியில் ஓட்டை, ஓட்டை வழியாக இரண்டையும் இணைக்கும் கயிறு. இரண்டு வட்டும் ஒரே உலோகம். பஜனைக்கு வேண்டியது இதுதான். விட்டம் இரண்டு அங்குலம் முதல் இரண்டரை அங்குலம் வரை இருந்தால் போதும்.

நட்டுவனார் பிடிக்கிற தாளம் வேறு. அதில் ஒன்று வெண்கலம், மற்றது இரும்பு. நாட்டியத்தில் அடவுக்கு அடவு வெட்டி ஒலிக்கவேண்டும் என்பதற்காக அப்படி. கணீரென்று நீண்டு ஒலிக்காது. நான் ஏமாந்த இரண்டு ஜோடியும் இந்த வகைதான். “ஒண்ணு வெள்ளையா இருக்கே” என்று கேட்டதற்கு, “அது பாலிஷ் சார்” என்றார்கள். ஒரு வட்டு வேறு நிறத்தில் இருந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு, அந்த ஜோடி உங்களுக்கு வேண்டாம்.

கேரளத்துச் செண்டை மேளத்தோடு வருகிற இலத்தாளம் கனமானது, சத்தமும் பெரிது. கோயிலுக்குள் அடிக்கிற பிரம்மதாளமும் அப்படியே. குடியிருப்புத் தெருவில் விடியற்காலையில் இவை கூடவே கூடாது. கோலால் தட்டுகிற வட்டத் தகடான சேகண்டியும் அப்படித்தான். முதல் வருடம் எங்களிடம் ஒரு சேகண்டி இருந்தது. அந்தக் குழந்தையை எழுப்பியது ஜால்ராவைவிட அதுவாகத்தான் இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

சிப்ளாக்கட்டை இரண்டு மரத்துண்டு, நடுவில் சின்னச் சின்ன பித்தளைத் தட்டுகள். ஒரு துண்டில் கட்டைவிரல் நுழைய வளையம், இன்னொன்றில் மற்ற விரல்கள் நுழைய இடம். ஒரே கையால் திறந்து மூடி வாசிப்பது. இங்கே ஒரு சிக்கல்: கடையில் “ஜோடி” என்று சொன்னால் ஒரு கைக்கான இரண்டு துண்டு என்றுதான் பொருள். இரண்டு கைக்கும் வேண்டுமானால் இரண்டு ஜோடி கேட்கவேண்டும். போனில் ஆர்டர் கொடுப்பவர்கள் இதை முதலிலேயே தெளிவாகப் பேசிவிடுங்கள்.

இருபது பேர் பாடுகிற குழுவுக்கு நான்கு ஜால்ரா, மூன்று சிப்ளாக்கட்டை தாராளம். ஆளுக்கொன்று கொடுத்தால் பாட்டு கேட்காது, தாளமும் நிற்காது.

3. கடையில் ஐந்து நிமிடம் செலவழியுங்கள்

சென்னைக்காரர்களுக்கு மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் பூஜைச் சாமான் கடைகள் இருக்கின்றன. ஊர்ப்பக்கம் போகிறவர்கள் கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் பார்க்கலாம். அங்கே எடை போட்டும் தருவார்கள். எங்கே வாங்கினாலும் நேரில் போய், காதால் கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் படம் அழகாக இருக்கும், எடை போட்டிருக்கமாட்டார்கள். எடை தெரியாமல் ஜால்ரா வாங்குவது, விலை தெரியாமல் வெள்ளி வாங்குகிற மாதிரி.

முதலில் உலோகம். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது, பித்தளை செம்பும் துத்தநாகமும். வார்த்த வெண்கல ஜால்ரா நீண்டு ஒலிக்கும். பித்தளைத் தகட்டை அழுத்தி எடுத்தது “டிங்” என்று சட்டென நின்றுவிடும். வெண்கலத்துக்கு ஒரு குறை உண்டு: கீழே விழுந்தால் விரிசல் விடும். பித்தளை நசுங்கும், உடையாது. சிறுவர்கள் கையில் கொடுக்க ஒரு பித்தளை ஜோடி, பெரியவர்களுக்கு வெண்கலம் என்று பிரித்து வாங்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

அடுத்தது காது. ஒரு வட்டைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். விரல் எங்கேயும் உலோகத்தைத் தொடக்கூடாது. ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயத்தால் லேசாகத் தட்டுங்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணுங்கள். எட்டு எண்ணும் வரை ஒலி காதில் இருந்தால் நல்ல வட்டு. நடுவில் “சர்ர்ர்” என்று கரகரத்தால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. வெளிச்சத்தில் குழியைச் சுற்றிப் பாருங்கள், பெரும்பாலும் ஓட்டையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். மற்ற வட்டையும் அதே மாதிரி தட்டுங்கள்.

இரண்டின் சுருதியும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கவேண்டும் என்று நினைக்காதீர்கள். துளி வித்தியாசம் இருந்தால்தான் சேர்த்து அடிக்கும்போது ஒலி அலை அலையாக நெளிந்து போகும். ஜால்ராவின் அழகே அந்த நெளிவுதான். வித்தியாசம் அதிகமானால் பல் கூசும். கடைக்காரர் அனுமதித்தால் ஏழெட்டு ஜோடியைக் கொட்டி, வட்டுகளை மாற்றி மாற்றி இணைத்துப் பாருங்கள். இரண்டாவது வருடம் நான் பெரியவர் ஒருவரை அழைத்துப் போனேன். அவர் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பதினாறு வட்டிலிருந்து எட்டைப் பிரித்து எடுத்தார். இருபது நிமிடம் ஆனது. இன்றைக்கும் அந்த நான்கு ஜோடிதான் எங்களிடம் இருக்கிறது.

ஓட்டையின் உள்விளிம்பை விரலால் தடவுங்கள். கூராக இருந்தால் கயிற்றை அறுத்துவிடும். ராவித் தரச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை.

சிப்ளாக்கட்டைக்குக் கையை நுழைத்துப் பார்ப்பதுதான் சோதனை. கட்டைவிரல் வளையம் இறுக்கமாக இருந்தால் பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும். தளர்வாக இருந்தால் நழுவும். பெண்கள் கைக்கும் ஆண்கள் கைக்கும் ஒரே அளவு சரிவராது. கட்டைகள் மூடும்போது உள்பக்கம் முழுவதும் ஒன்றோடொன்று படியவேண்டும், இடைவெளி விட்டால் “டொக்” என்ற ஒலி வராது. பித்தளைத் தட்டுகளைப் பிடித்திருக்கிற கம்பியின் முனை மரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். எங்கள் குழுவில் ஒரு பெண்ணுக்கு அதனால் ஆள்காட்டி விரல் கிழிந்தது.

4. பில் கேளுங்கள், வரியைப் பாருங்கள்

கையால் செய்த நம் நாட்டு இசைக்கருவிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதற்கென்று ஒரு பட்டியலே இருக்கிறது. மஞ்சீரா என்ற பெயரில் ஜால்ராவும், கர்த்தால் என்ற பெயரில் சிப்ளாக்கட்டையும் அதில் அடங்கும். ஆனால் பாத்திரக் கடைகளில் பழக்கதோஷத்தில் “பித்தளைச் சாமான்” என்று பில் போட்டு வரியையும் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கும் அப்படி நடந்தது. பணம் கொடுப்பதற்கு முன்னால், “இது வாத்தியம், பாத்திரம் இல்லை, அப்படியே எழுதுங்க” என்று சொல்லுங்கள். பணம் கட்டின பிறகு சொன்னால் மாற்றித் தருவது கடினம்.

பொதுப்பணத்தில் வாங்கினால் பில் கட்டாயம் வேண்டும். நன்கொடை கொடுத்தவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்காவிட்டாலும் காட்டிவிடுங்கள்.

5. கயிற்றை மாற்றுங்கள்

கடையில் ஜால்ராவோடு வருகிற கயிறு பெரும்பாலும் நைலான். முடிச்சு வழுக்கும், பனியில் விரல் விறைத்திருக்கும்போது அறுக்கும். வந்த அன்றே அவிழ்த்துப் போட்டுவிட்டு, பருத்தி நூல் கயிறு கோத்துவிடுங்கள். குழியின் உள்ளே இரட்டை முடிச்சு, அந்த முடிச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஒரு சிறு வட்டத் தோல் அல்லது தடித்த துணி. இது இருந்தால் கயிறு ஒரு மார்கழி முழுவதும் தாங்கும். இல்லாவிட்டால் பத்தாம் நாள் நடுத்தெருவில் வட்டு கழன்று ஓடும். ஓடிய வட்டு வெண்கலமாக இருந்தால் அன்றோடு அதன் கதை முடிந்தது.

இரண்டு வட்டுக்கும் நடுவில் கயிற்றின் நீளம் ஒரு சாண் போதும். அதிகமாக விட்டால் தொங்கிக்கொண்டு ஒன்றோடொன்று இடிக்கும்.

6. கார்த்திகை முழுவதும் பழகுங்கள்

“ஜால்ரா அடிக்க என்ன பழக்கம் வேண்டும்?” என்று நானும் கேட்டவன்தான். ஜால்ரா அடிப்பது என்றாலே முகஸ்துதி என்று பேச்சில் பழக்கிவிட்டோம், அதனால் கல்லூரிப் பையன்கள் கையில் எடுக்கவே தயங்குகிறார்கள். எடுத்துக் கொடுத்துப் பாருங்கள், ஒரு வாரத்தில் விடமாட்டார்கள். பஜனையில் எல்லாருக்கும் காலம் காட்டுகிற ஆள் ஜால்ரா பிடிக்கிறவர்தான். அவர் தவறினால் அத்தனை பேரும் தவறுவார்கள்.

பிடிக்கும் முறை: கயிற்றை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். வட்டு கயிற்றில் தொங்கவேண்டும், விரல் உலோகத்தை அழுத்தக்கூடாது. இடது வட்டு வாயை மேலே பார்த்தபடி அசையாமல் இருக்கட்டும். வலது வட்டை நேர் மேலிருந்து மூடி மாதிரி போடாதீர்கள். அப்படிப் போட்டால் நடுவில் காற்று சிக்கிக்கொண்டு “டப்” என்று செத்த ஒலி வரும். கொஞ்சம் சாய்த்து, ஓரம் ஓரத்தில் படும்படி தட்டிவிட்டு உடனே விலக்குங்கள். இது திறந்த அடி. தட்டி அப்படியே ஒட்டி வைத்தால் அது மூடிய அடி. இந்த இரண்டும் வந்துவிட்டால் எல்லாம் வந்த மாதிரி.

ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் தொடங்குங்கள். முதல் வாரம் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு அடி, வேறு ஒன்றும் வேண்டாம். அப்புறம் இரண்டு மூடிய அடி, ஒரு திறந்த அடி என்று சேர்த்துக்கொள்ளலாம். ஏழு எண்ணிக்கை மிஸ்ர சாப்பும், ஐந்து எண்ணிக்கை கண்ட சாப்பும் முதல் வருடத்துக்கு வேண்டாம். நடந்துகொண்டே அடிக்கும்போது கால் இரண்டு இரண்டாகப் போகும், கை ஏழாக அடிக்காது.

எல்லாக் குழுவுக்கும் வருகிற நோய், வேகம் கூடிக்கொண்டே போவது. தொடங்கும்போது நிதானமாக இருக்கும், மூன்றாவது நாமாவளியில் ஓட ஆரம்பித்துவிடும். போனில் இலவசமாகக் கிடைக்கிற, ஒரே சீராகத் தட்டிக் காலம் காட்டும் மெட்ரோனோம் செயலியை வைத்துக்கொண்டு தினமும் பத்து நிமிடம் அடித்துப் பழகினால் இது குறையும்.

7. ஆறு மணியை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்

நாங்கள் வழுக்கி விழுந்த இடம் இதுதான், இதை நிதானமாகப் படியுங்கள்.

ஒலி மாசு விதிகள், 2000 என்று மத்திய அரசின் விதிகள் இருக்கின்றன. ஒலிபெருக்கிக்கு மட்டும்தான் அது என்று பலரும் நினைக்கிறார்கள். 2010இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, ஒலி எழுப்பும் கருவிகளும் இசைக்கருவிகளும் அதில் வந்துவிட்டன. இரவு நேரத்தில் மூடிய அரங்குகளுக்குள் தவிர வெளியே அவற்றை இசைக்கக்கூடாது. இரவு என்றால் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஆக, காலை ஐந்து மணி என்பது நமக்கு விடியற்காலை, விதிப்படி இரவு. மைக் இல்லை, வெறும் ஜால்ராதானே என்கிற பதில் அங்கே செல்லாது.

குடியிருப்புப் பகுதிக்கு அந்த விதிகளில் உள்ள அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினாலும், இரவு நேரத் தடையை மீறினாலும் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்தவரிடம் போய்க் கோபப்படுவதில் அர்த்தமில்லை, உரிமை அவர் பக்கம் இருக்கிறது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர், அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருந்தால் அங்கே பகலிலும் வாத்தியம் வாசிக்கக்கூடாது. அறிவிப்பு இருக்கிறதோ இல்லையோ, எங்கள் வழியில் உள்ள சின்ன மருத்துவமனைக்கு இரண்டு வீடு முன்னாலேயே நிறுத்திவிட்டு, கை கூப்பி நடந்து போகிறோம்.

இரண்டாவது வருடம் நாங்கள் கண்ட வழி இது. ஐந்தரைக்குக் கோயிலில் கூடுவோம். ஆறு வரை கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்து, கருவி இல்லாமல், வாயால் மட்டும் பாடுவோம். ஆறு அடித்ததும் ஜால்ராவைக் கையில் எடுத்துக்கொண்டு வீதியில் இறங்குவோம். ஆறே முக்காலுக்குத் திரும்பிவிடுவோம். மார்கழியில் ஆறு மணிக்கும் இருட்டும் பனியும் இருக்கத்தான் செய்கிறது, ஒன்றும் குறைந்துபோகவில்லை. அலுவலகம் போகிறவர்களுக்கும் இது வசதி.

சார்ஜ் போடுகிற சின்ன ஸ்பீக்கரைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். அதுவும் ஒலிபெருக்கிதான், எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் எந்த நேரத்திலும் வைக்கமுடியாது. இருபது பேர் வாய்விட்டுப் பாடினால் ஒரு தெருவுக்குப் போதும். ஸ்பீக்கரை வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுங்கள்.

8. காவல் நிலையத்துக்குக் கடிதம்

டிசம்பர் முதல் வாரத்தில், அதாவது மார்கழிக்குப் பத்து நாளாவது முன்னால் கொடுங்கள். ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அதில் இருக்கவேண்டியவை: குழுவின் பெயர், பொறுப்பாளர் இரண்டு பேரின் பெயர், முகவரி, கைபேசி எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், போகிற தெருக்கள் வரிசையாக, சுமாராக எத்தனை பேர். கடைசியில் இந்த வரியை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்: “ஜால்ரா 4, சிப்ளாக்கட்டை 3 மட்டும் பயன்படுத்தப்படும். ஒலிபெருக்கி, மேளம், பட்டாசு இல்லை. காலை 6 மணிக்கு முன் வீதியில் கருவிகள் இசைக்கப்படமாட்டாது.” எங்கள் நிலையத்தில் கடிதத்தை வாங்கிய அதிகாரி இந்த வரியைப் படித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

கூடவே வைக்கவேண்டியவை:

பொறுப்பாளர்களின் ஆதார் நகல். குடியிருப்போர் நலச்சங்கத்தின் கடிதத்தாளில் ஒரு ஒப்புதல் கடிதம். கோயிலிலிருந்து கிளம்பினால் கோயில் நிர்வாகத்தின் கடிதம். அறநிலையத் துறைக் கோயிலாக இருந்தால் செயல் அலுவலரிடம் கேட்கவேண்டும், அவரிடம் வாங்க ஒரு வாரம் கூடுதலாக ஒதுக்குங்கள். கையால் வரைந்த வழி வரைபடம், பள்ளியும் மருத்துவமனையும் எங்கே இருக்கின்றன என்று குறித்து.

எல்லாம் இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். “சரி, பாடிட்டுப் போங்க, பஜனைதானே” என்று வாயால் சொல்வார்கள். அன்போடுதான் சொல்வார்கள். ஆனால் சொன்னவர் அடுத்த வாரம் வேறு பணிக்குப் போயிருப்பார், ரோந்தில் வருகிறவருக்கு எதுவும் தெரியாது. எங்களுக்கு முத்திரை வாங்க மூன்று நடை ஆனது. முதல் நடையில் ஆள் இல்லை, இரண்டாம் நடையில் சங்கக் கடிதத்தில் செயலாளர் கையெழுத்து விட்டுப்போயிருந்தது. மாலை நான்கு மணி வாக்கில் போவது நல்லது. காலையில் புகாரோடு வந்தவர்கள் கூட்டம் இருக்கும்.

உங்கள் வழி ஒரு பெரிய சாலையைக் கடந்தால், எதிர்ப்பக்கம் வேறு காவல் நிலைய எல்லையாக இருக்கலாம். அப்படியானால் அங்கேயும் ஒரு கடிதம் கொடுக்கவேண்டும். முடிந்தவரை சாலையைக் கடக்காத வழியாக வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் கொடுப்பதற்கு எங்களிடம் கட்டணம் எதுவும் கேட்கவில்லை.

முத்திரை வைத்த பிரதியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தினமும் பொறுப்பாளர் பையில் வைத்திருக்கவேண்டும். போனில் படம் இருப்பது போதாது.

9. கதவைத் தட்டிச் சொல்லுங்கள்

காவல் நிலையத் தாளைவிட இது பெரியது. மார்கழிக்கு முந்திய வார இறுதியில், போகிற வழியில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொன்னோம். நூற்றுப் பதினைந்து வீடு, இரண்டு மாலை. “ஆறு மணிக்கு மேலதான் வருவோம். உங்க வீட்டுல சின்னக் குழந்தையோ, உடம்பு முடியாதவங்களோ, நைட் ஷிப்ட் போயிட்டு வந்து தூங்குறவங்களோ இருக்காங்களா?” என்று கேட்டோம். ஆறு வீட்டில் இருக்கிறார்கள் என்றார்கள். அந்த வீட்டு வாசல்களில் ஜால்ராவை மூடிப் பிடித்துக்கொண்டு, வாய்ப்பாட்டோடு கடக்கிறோம்.

முதல் வருடம் 100க்கு அழைத்தார்களே, அந்த வீட்டுக்கு முதலில் போனேன். குழந்தைக்கு ஒரு வயது முடிந்திருந்தது. அந்தம்மா, “அண்ணா, போன வருஷம் சொல்லிட்டு வந்திருந்தா நாங்க போன் பண்ணியே இருக்கமாட்டோம்” என்றார். இரண்டாவது வருடம் அவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். மாற்று மதத்தவர் வீடுகளுக்கும் தவறாமல் போய்ச் சொல்லுங்கள். அவர்களுக்கும் தெரியாமல் சத்தம் வருவதில்தான் சங்கடம். சொல்லிவிட்டு வந்தால் பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார்கள்.

10. வீதியில் நிற்கும் வரிசை

ஜால்ரா பிடிக்கிற நான்கு பேரும் ஒன்றாக, வரிசையின் நடுவில் நிற்கவேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று பிரித்தால் தாளம் கலையும். காரணம் இது: ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். இருபது மீட்டர் நீள வரிசையில் முன்னால் அடிக்கிற அடி பின்னால் இருப்பவருக்கு நொடியில் பதினேழில் ஒரு பங்கு தாமதமாகக் கேட்கும். கேட்க அற்பமாகத் தெரியும், ஆனால் பின்னால் இருப்பவர் அதைப் பிடித்து அடிக்க, அது முன்னால் திரும்பி வர இன்னொரு மடங்கு தாமதம். இப்படித்தான் தாளம் குழைகிறது. வரிசை நீளாமல், மூன்று பேர் நான்கு பேராக நெருங்கி நடங்கள். நான்கு பேரில் ஒருவர்தான் தலைவர், மற்ற மூவரும் அவர் கையைப் பார்த்து அடிக்கவேண்டும், காதை நம்பக்கூடாது.

சிறுவர்கள் ஜால்ராவைப் பக்கத்தில் இருப்பவர் காதருகே கொண்டுபோய் அடிப்பார்கள். வெண்கலம் காதருகே ஒலித்தால் வலிக்கும். நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் டார்ச்சோடு, ஒளி பிரதிபலிக்கிற மேலங்கி போட்டுக்கொண்டு. பால் வண்டியும் பேப்பர் போடுகிற பையன்களின் வண்டியும் அந்த நேரத்தில் வேகமாக வரும். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், யார் காலும் கோலத்தில் படக்கூடாது. நாய்களுக்கு ஜால்ராவின் கூர்மையான ஒலி பிடிக்காது. குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள், அடிப்பதை நிறுத்திவிட்டு மெதுவாக நடங்கள். நான்கு நாளில் அவை பழகிவிடும்.

11. ஆன செலவு

நாங்கள் கொடுத்த விலை இது, உங்கள் ஊரில் முன்னே பின்னே இருக்கலாம். ஜால்ரா நான்கு ஜோடி, ஜோடி 450 ரூபாய் வீதம் 1,800. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 180 கிராம். சிப்ளாக்கட்டை மூன்று ஜோடி, 350 வீதம் 1,050. பருத்திக் கயிறும் தோல் துண்டும் 60. துணிப்பை 150. நகல் எடுத்தது 40. மொத்தம் 3,100 ரூபாய். மேலங்கி இரண்டும் டார்ச்சும் எங்களிடம் ஏற்கெனவே இருந்தன.

பிரசாதச் செலவைத் தனிக் கணக்காக வையுங்கள். தினமும் ஒரு வீட்டார் பொங்கலோ சுண்டலோ ஏற்றுக்கொண்டால் குழுப் பணத்தில் கை வைக்கவேண்டியதில்லை. முப்பது நாளுக்கும் பெயர் எழுதி நவம்பரிலேயே கோயில் சுவரில் ஒட்டிவிடுங்கள். எங்களுக்கு மூன்று நாளில் நிரம்பிவிட்டது.

12. தினமும் துடைப்பதும், தையில் எடுத்து வைப்பதும்

மார்கழிப் பனியும் கை வியர்வையும் சேர்ந்தால் பத்து நாளில் பச்சையாகக் களிம்பு ஏறும். வீடு திரும்பியதும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பைக்குள் போடுங்கள். இரண்டு வட்டுக்கும் நடுவில் ஒரு துணி மடித்து வையுங்கள், ஒன்றோடொன்று உரசாது. வாரத்துக்கு ஒரு முறை புளி போட்டுத் தேய்த்துக் கழுவலாம். கயிற்றைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். ஈரக் கயிறு முடிச்சிலேயே மக்கும்.

சிப்ளாக்கட்டையைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது, மரம் ஊதி வளையம் பிளந்துவிடும். வெறும் துணியால் துடைத்து, மாதத்துக்கு ஒரு முறை விரலில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு மரத்தில் மட்டும் தடவுங்கள். கட்டைகள் மோதுகிற உள்பக்கத்தில் எண்ணெய் படவேண்டாம்.

போகியன்று கடைசி பஜனை முடிந்ததும் கணக்கைப் படித்துவிட்டு, கருவிகளை எண்ணி, யார் வீட்டில் இருக்கின்றன என்று சங்கத்து நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முதல் வருடம் அப்படிச் செய்யாததால் ஒரு ஜோடி எங்கே போனது என்று இன்னும் தெரியவில்லை. பழைய கயிறுகளை அன்றே அவிழ்த்து எறிந்துவிட்டு, வட்டுகளைத் தனித்தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள். புதுக் கயிறு ஐப்பசியில் கோத்தால் போதும்.